நானூற்று ஒன்பதாவது வரி

முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி செய்து வைத்திருந்த இணையப் பக்கத்தை முதன்முதலில் திறந்து பார்த்தபோது எனக்குக் கண் எரிந்தது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. அந்தச் சிவப்பும் சும்மா இருக்காமல் அணைந்து அணைந்து எரிந்தது. மேலே 'நல்ல வரன்கள் உடனே அமையும்' என்று ஒரு வரி வலமிருந்து இடமாக ஓட, அதற்குக் கீழே அதே வரி இடமிருந்து வலமாக ஓடியது. பக்கம் திறந்தவுடன் கெட்டிமேளம் முழங்கும். நிறுத்த வழியே கிடையாது. கீழே எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று ஒரு எண். அதில் பாதி அண்ணாச்சியே திறந்து திறந்து ஏற்றியதாகத்தான் இருக்கும்.

இதில் எனக்கு வெட்கப்பட வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இணையப் பக்கம் எழுதுகிற எச்.டி.எம்.எல்.லை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். கோவில்பட்டி பஜாரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஏழு வருஷமாக டீச்சராக இருந்தேன். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தை மாசம், ஐம்பத்தெட்டு வயதில், வெள்ளை வேட்டியும் கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பையுமாக வந்து நாற்பத்தைந்து நாள் கோர்ஸில் சேர்ந்தார் அண்ணாச்சி. கல்யாணத் தகவல் நிலையம் நடத்துகிறவர். புரோக்கர் என்றால் கோபம் வரும். மற்றப் பிள்ளைகள் அரட்டையடிக்கும்போது இவர் மட்டும் நான் சொன்னதை ஒன்றுவிடாமல் கோடுபோட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு விரலால் தட்டித் தட்டி, பங்குனியில் தன் நிலையத்துக்கு ஒரு பக்கம் செய்து இலவசமாக இடம் தருகிற ஒரு தளத்தில் ஏற்றியும் விட்டார். நூற்று நாற்பத்தாறு பெண்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பையன்கள், எல்லாரும் ஒரே பக்கத்தில், ஒரே நீளமாக.

அந்த நூற்று நாற்பத்தாறில் நானும் ஒருத்தி. எனக்கு முப்பத்தொன்று நடந்தது. என் அப்பா குருசாமி, பருத்திவிதை புண்ணாக்குக் கடை வைத்திருப்பவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஜாதகத்தையும் போட்டோவையும் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டார். எனக்கு மாணவர், எனக்கே புரோக்கர். அந்த எரிச்சலிலேயே அந்தப் பக்கத்தை ஒருதரம் பார்த்ததோடு சரி, மறுபடி திறக்கவில்லை.

ஆடியில் அண்ணாச்சிக்கு வேலை கிடையாது. யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள், ஜாதகம் கேட்கமாட்டார்கள். அந்தச் சும்மா நாட்களில்தான் ஒருநாள் சென்டருக்கு வந்து, பக்கத்தைக் கொஞ்சம் நன்றாக்கித் தர வேண்டும் என்றார். பெங்களூரில் இருக்கிற ஒரு மாப்பிள்ளைப் பையன் ஆனி மாசமே மெயில் போட்டிருந்தானாம். ஃபயர்ஃபாக்ஸில் பார்த்தால் பாதிப் பக்கம் கலைந்து கிடக்கிறது, நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில் திறந்த ஒரு குறியை, ஒரு டேக்கை, மூடாமல் விட்டிருக்கிறீர்கள் என்று. மெயிலை அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினார். பெயரைப் பார்த்தேன். கோகுலகிருஷ்ணன்.

அவன் எனக்குப் பார்த்த மாப்பிள்ளை. கயத்தாறுக்காரன், பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி. ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்குள் நான்கு தடவை எனக்குப் போன் பண்ணியிருந்தான். எதற்கு மறைக்க, எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. இதற்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போன ஏழு பேரில் ஒருவனுக்குக்கூட நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரியாது. 'டைப்பிங்கா?' என்று கேட்டவன் ஒருவன். இவன் முதல் போனிலேயே, கட்டம் கட்டமாக டேபிள் போட்டு இணையப் பக்கம் கட்டுகிறவர்களைச் சிறையில் போடவேண்டும் என்றான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அடுப்படியிலிருந்து கேட்ட அம்மாவுக்கு முகம் மலர்ந்ததை நானே பார்த்தேன். என் தங்கச்சி விஜிக்கு இருபத்தேழு. நான் நகர்ந்தால்தான் அவளுக்கு வழி. இந்த முறை நான் நகர ஆசைப்பட்டேன்.

அதனால் சரி என்றேன். ஒரு வரியை எண்ணிச் சொல்கிறவன் வருவதற்குள் அந்தப் பக்கத்தை நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கே ஒரு வீம்பு. அண்ணாச்சி எல்லாவற்றையும் ஒரு சி.டி.யில் போட்டுத் தந்தார்.

முதல் வேலையாகக் கெட்டிமேளத்தைத் தூக்கினேன். பிறகு ஓடுகிற வரிகள், எரிகிற எழுத்து. ஒரு எழுத்துக்கு நிறம் சொல்ல மூன்று டேக், அதில் இரண்டு மூடாதது. டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொன்று, எதற்கென்று கேட்டால் அவருக்கே தெரியாது. அத்தனையையும் உருவிப் போட்டுவிட்டு, நிறமும் அளவும் இடைவெளியும் தனியே ஒரு சி.எஸ்.எஸ். கோப்பில் எழுதினேன். வெள்ளைப் பின்னணி, அடர்ந்த நீலத் தலைப்பு, மேலே இரண்டே இரண்டு பொத்தான். அதற்கே அண்ணாச்சி முகம் சுளித்தார். கல்யாணக் காரியத்தில் மஞ்சள் இல்லாவிட்டால் எப்படி என்றார். ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்து வாயை அடைத்தேன்.

போட்டோக்கள்தான் கொடுமை. எல்லாப் படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று அகலம் இருநூறு, உயரம் நூற்றைம்பது என்று எல்லாவற்றுக்கும் போட்டிருந்தார். ஸ்டூடியோவில் நின்று எடுத்த ஒல்லிப் பெண்கள் எல்லாம் அமுக்கின முகத்தோடு, பக்கவாட்டில் பரந்து கிடந்தார்கள். நாலு மாசமாக ஊர் உலகம் பார்த்தது இந்த முகங்களைத்தான். ஒவ்வொரு படமாக எடுத்து அதன் சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன். அமுங்கின முகம் ஒன்று நிமிர்ந்து, கழுத்து நீண்டு, ஒரு பெண்ணாகிறபோது எனக்கு மனசுக்கு நன்றாக இருந்தது. அந்த ஒரு வேலையை மட்டும் நான் ஆசையாகச் செய்தேன் என்று சொல்லலாம்.

ஆறாவது படத்தைச் சரிபண்ணும்போதுதான் அதற்கு மேலே இருந்த கமென்டைக் கவனித்தேன்.

கமென்ட் என்பது வேறொன்றுமில்லை. பக்கம் எழுதுகிறவன் தன் ஞாபகத்துக்காக உள்ளே எழுதி வைக்கிற குறிப்பு. அதற்கென்று உள்ள குறிகளுக்கு நடுவில் எழுதினால் பக்கத்தில் தெரியாது. ஆனால் அழிந்தும் போகாது. எவனொருவன் மௌஸின் வலது பொத்தானை அமுக்கி 'வியூ சோர்ஸ்' கொடுத்தாலும் அத்தனையும் அப்படியே வந்து நிற்கும். முதல் பாதியை நான் வகுப்பில் சொன்னேன். 'நமக்காக நாம எழுதிக்கிடுதது அண்ணாச்சி, பக்கத்துல வராது' என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் பாதியைச் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார். 'மேல் பல் கட்டினது. சிரிக்கச் சொல்லக்கூடாது.' ஏழாவது பெண்: 'ஒரு நிச்சயம் முறிஞ்சது. கேட்டா தாய்மாமன் சாவுன்னு சொல்லணும்.' எட்டாவதுக்கு ஒன்றுமில்லை. ஒன்பது: 'வேர்வை நாத்தம். தள்ளி உட்கார வைக்கணும்.' பதினொன்று: 'மாசாமாசம் ஒழுங்கில்லை. டாக்டர் சீட்டு பார்த்தாச்சு.' பதினான்கு: 'அப்பனுக்குப் புதியம்புத்தூர்ல இன்னொரு குடும்பம்.' இப்படியே கீழே கீழே போனது.  எழுந்து போய் வாஷ்பேசினில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். இதில் நான்கு பேர் என்னிடம் படித்த பிள்ளைகள்.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் புரோக்கர்கள் எல்லாரிடமும் இந்த வழக்கம் உண்டு. ஜாதக நகலின் முன்பக்கம் கட்டமும் நட்சத்திரமும். பின்பக்கத்தில் பென்சிலால் பெண்ணைப் பற்றிக் குறிப்பு. பேனாவால் எழுதமாட்டார்கள், கல்யாணம் முடிந்ததும் ரப்பர் போட்டு அழித்துவிட வேண்டுமே. மாப்பிள்ளை வீட்டார் நெருங்கி வந்தால் தாளைத் திருப்பி மெதுவாகக் காட்டுவார்கள். அண்ணாச்சி கம்ப்யூட்டர் படித்தவுடன், பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறார். நான் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

பையன்கள் பகுதிக்குப் போனேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவனுக்கும் ஒரு குறிப்பும் இல்லை. ஒரு குடிகாரன் இல்லை, ஒரு வாய்நாத்தம் இல்லை. அப்படி ஒரு சுத்தமான ஆண்கள் கூட்டம் கோவில்பட்டியைச் சுற்றி வாழ்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதன்பிறகுதான் மெயிலில் சொன்ன அந்த மூடாத டேக்கைத் தேடிப் போனேன். நானூற்றுப் பன்னிரண்டாவது வரி. அங்கே இருந்தது என் கட்டம். என் போட்டோ, அமுங்கின முகத்தோடு. அதற்கு நேர் மேலே, நானூற்று ஒன்பதாவது வரியில் எனக்கான குறிப்பு.

'இடது முழங்காலுக்குக் கீழே வெண்புள்ளி, நாலு விரல் அகலம். பரவலை. சேலை கட்டினா தெரியாது. வாய் ஜாஸ்தி. 31 ஆகுது, தங்கச்சி காத்திருக்கு. என்ன கேட்டாலும் இறங்கி வருவாங்க.'

அந்த வெண்புள்ளி எனக்குப் பத்தொன்பது வயதில் வந்தது. நான் அதை எங்கள் தெரு டாக்டரிடம்கூடக் காட்டியதில்லை. மதுரைக்குப் போய்க் காட்டினோம், அம்மாவும் நானும். வீட்டில் விஜிக்கும் அப்பாவுக்கும் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது என்றுதான் பன்னிரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயந்தரம் அம்மாவிடம் கேட்டேன். என் அம்மா சொர்ணத்தாய் பொய் சொல்லத் தெரியாதவள். ஆமாம், நான்தான் சொன்னேன் என்றாள். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் கல்யாணத்துக்கு மறுநாள் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள், தூத்துக்குடியில் ஒரு பிள்ளைக்கு அப்படி நடந்தது, புரோக்கர் காதில் போட்டுவைத்தால் அவர் பக்குவமாக எடுத்துச் சொல்வார் என்று நினைத்தேன் என்றாள். பேசிக்கொண்டே முருங்கைக்கீரை உருவினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. 'நாலு விரல்' என்று அளந்து சொன்னதும் அவள்தானா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சியை சென்டருக்கு வரச்சொல்லி, அவர் கண்ணெதிரே வியூ சோர்ஸ் போட்டுக் காட்டினேன். நாலு மாசமாக உலகம் முழுக்க இது திறந்து கிடக்கிறது என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பதறுவார் என்று நினைத்தேன். யார் போய் அங்கே பார்க்கப் போகிறார்கள், நம்ம ஆட்களுக்குப் பக்கத்தைத் திறக்கவே தெரியாது என்றார். பையன்களுக்கு ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"ஆம்பளப் பிள்ளைக்கு என்னத்த எழுத, டீச்சரம்மா? வேலை, சம்பளம். அதத்தான் முன்னாலயே போட்டுருக்கேம்லா."

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் சுலபம். அவர் எனக்குச் சித்திரை வருஷப் பிறப்புக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தவர். என் குறிப்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. புதிய பக்கத்திலும் குறிப்புகளை வைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தொழில் நடக்காது என்று மட்டும் முணுமுணுத்தார். நான் பெண்கள் பகுதியில் இருந்த குறிப்புகளையெல்லாம் அவர் பார்க்கப் பார்க்க அழித்து, புதிய பக்கத்தை ஏற்றி, பழையதை நீக்கினேன். கடுப்போடு எழுந்து போனார்.

அந்த வேலை முடிந்தது. என் வேலை முடியவில்லை. சைக்கிளை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வரி எண் பக்கத்தின் முகத்தில் தெரியாது. நானூற்றுப் பன்னிரண்டு என்று சொல்ல வேண்டுமானால் உள்ளே திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்தவன் கண்ணில் மூன்று வரி மேலே இருந்தது படாமல் இருக்காது. கோகுலகிருஷ்ணன் ஆனி மாசமே என் முழங்காலைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் எனக்கு முதல் போனே பண்ணியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் அவனுக்கு வக்கீலாக இருந்தேன். படித்தும் பேசினான், படித்தும் வருகிறான் என்றால் எவ்வளவு பெருந்தன்மை. என்னை நோகடிக்கக் கூடாது என்றுதான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவேளை என் குறிப்பு மட்டும் கண்ணில் பட்டு, மற்றப் பெண்களுடையதைப் படிக்காமல் மூடியிருப்பான். இப்படி நானே கேட்டு நானே பதில் சொல்லி அவனைத் தினமும் விடுதலை செய்தேன். எனக்கு அவன் வேண்டியிருந்தான், அவ்வளவுதான் விஷயம்.

வந்தார்கள். அவன், அவன் அம்மா மாரித்தாய், கூட முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி. அப்பா கடையைப் பூட்டிவிட்டு சலவைச் சட்டையில் இருந்தார். நான் பச்சைச் சேலை கட்டியிருந்தேன். விஜி மட்டும் வழக்கப்படி உள்ளே. மூத்தவளைப் பார்க்க வரும்போது இளையவள் கண்ணில் படக்கூடாது என்று எல்லா வீட்டிலும் உள்ள ஏற்பாடுதான். கேசரி, மிக்சர், காப்பி எல்லாம் முறையாக நடந்தது. அவன் பார்க்க நன்றாக இருந்தான். போனில் கேட்ட அதே சிரிப்பு. தனியாக ஐந்து நிமிஷம் பேசலாமா என்று அவனே அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டான்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றோம். புதிய பக்கம் பிரமாதம் என்றான், சி.எஸ்.எஸ். அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறீர்களே என்றான். ஒரு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அதைக் கேட்டு நான் பூரித்துப் போயிருப்பேன். கமென்ட்களையெல்லாம் எடுத்துவிட்டேன் என்றேன். பார்த்தேன் என்றான். முன்னாடி இருந்ததைப் படித்தீர்களா என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை.

படித்தானாம். நூற்று நாற்பத்தாறையும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அத்தனையையும் எக்ஸெலில் போட்டு, வேண்டாததை வடிகட்டினானாம். நிச்சயம் முறிந்தது தனி, உடம்புக்கு உள்ளது தனி, குடும்பத்தில் கோளாறு தனி என்று. கடைசியில் நான்கு பேர் தேறினார்கள், அதில் நான் ஒன்று. எனக்கு உள்ளது வெறும் தோல், அது ஒன்றுமே இல்லை, தனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நல்லவனின் களை இருந்தது. நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தான் என்றே நினைக்கிறேன். ஆபீஸில் எட்டுப் பேர் சேர்ந்து படித்தோம், சில குறிப்புகளுக்கு விழுந்து விழுந்து சிரித்தோம், அண்ணாச்சி பெரிய ஆள் என்று சிரித்தபடியே சொன்னான்.

 எட்டுப் பேர். என்னிடம் படித்த அந்த நான்கு பிள்ளைகளின் முகம் வரிசையாக வந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன்.

"ஒரு டேக் மூடலன்னு அண்ணாச்சிக்கு மெயில் போட்டீங்களே. இதெல்லாம் வெளிய தெரியுதுன்னு ஏன் ஒரு வரி எழுதல?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பாரேங்க," என்றான் அவன்.

கிண்டலாகச் சொல்லவில்லை. இதுகூடத் தெரியவில்லையா என்கிற மாதிரிதான் சொன்னான். மூன்று நாளாக நான் கட்டிவைத்த வழக்கு அத்தனையும் அந்த ஒரு பதிலில் போய்விட்டது. என்ன மடத்தனம், இவனுக்காகவா முகத்துக்கு மஞ்சள் பூசினேன் என்று இருந்தது. அவனைவிட என்மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு. நான் படியிறங்கிவிட்டேன். அவன் பின்னாலேயே வந்தான், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு.

ஹாலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அப்பா எழுந்துவிட்டார். அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்தார். மாரித்தாயம்மாள் மட்டும் அசையவில்லை. மடியில் இருந்த கைப்பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். அச்செடுத்த தாள். வரிசையாகப் பெண்கள் பெயர், சிலவற்றுக்கு நேரே சிவப்பு டிக். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா இல்லை அவர், ஓய்வுபெற்ற டீச்சர். மகன் கொடுத்ததைத் திருத்தி வைத்திருக்கிறார்.

"நாங்க கால்ல இருக்குததைத் தெரிஞ்சுதான் வந்தோம். பெரிய மனசு பண்ணித்தான் வந்தோம்," என்று என் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதவோரம் விஜியின் பாவாடை ஓரம் தெரிந்திருக்க வேண்டும். "உங்க இளையவ இந்த லிஸ்ட்ல இல்லையே. அவளுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். எழுந்து நின்றவர், வெளியே போங்கள் என்று சொல்லப்போகிறார் என்றே நம்பினேன். கடையில் ஒரு வியாபாரி எடையில் குறை சொன்னதற்கே எடைக்கல்லை ஓங்கினவர் அவர். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி மெதுவாக, இளையவளுக்கு நான் இன்னும் ஜாதகமே வாங்கவில்லை, கிளி மாதிரிப் பிள்ளை என்றார்.  அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அப்பா உட்கார்ந்தார்.

"விஜி, அவியளுக்கு இன்னொரு காப்பி கொண்டா."

சீ என்று வந்தது எனக்கு. என்னைப் பெற்றவர்களைப் பார்த்து அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை. நான் அடுப்படிக்குள் போனேன்.

விஜி அடுப்பை மூட்டிவிட்டிருந்தாள். பழைய பாவாடையை மாற்றி என்னுடைய ரோஸ் சேலையை எடுத்து அவசரமாகச் சுற்றியிருந்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சிவந்தது, ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஹாலில் பேசியது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருந்தது, மாடியில் பேசியதுதான் கேட்கவில்லை.

"நான் போகட்டாக்கா? உனக்கு வேண்டாம்னுட்டியே. எனக்கும் இருவத்தேழு முடியப் போவுதுல்லா."

அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. என் முறைக்காக ஐந்து வருஷம் கதவுக்குப் பின்னால் நின்றவள் அவள். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. மாடியில் அவன் பேசியதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொன்னேன். எக்ஸெல், வடிகட்டினது, எட்டுப் பேர் சிரித்தது. கடைசியாக நான் கேட்ட கேள்வியையும் அதற்கு அவன் சொன்ன பதிலையும் சொன்னேன். 

விஜி பால் பொங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பை அணைத்தாள். டிகாக்ஷன் ஊற்றி, சீனி போட்டு, மூன்று தம்ளரிலும் நுரை வர ஆற்றினாள். எடுத்துக்கொண்டு போகத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஹாலிலிருந்து அப்பா மறுபடி கூப்பிட்டார்.

"இனி என்னப் பாக்க யாரும் வராட்டியும் பரவால்லக்கா," என்றாள் விஜி. மூன்று தம்ளரையும் ஒவ்வொன்றாகப் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் கொட்டினாள். குழாயைத் திறந்து, தம்ளர்களைப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அப்பா மூன்றாவது தடவை கூப்பிட்டபோது தண்ணீர்ச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.